பாறை பார்க்கும் உத்தியோகம்

கொச்சங்காடியில் ரஷீதைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் வேலை செய்து பார்த்தவர்களும் கிடையாது.

முப்பத்தெட்டு வயது, தொண்ணூறு கிலோ. கல்யாணம் ஒருமுறை நிச்சயமாகி, பெண் வீட்டார் மட்டாஞ்சேரியில் ஒரு வாரம் தங்கி விசாரித்ததில் நின்றுபோனது. அக்கா சுல்ஃபத்தின் வீட்டு மாடியில்தான் வாசம். காலையில் சாயா குடித்துவிட்டுப் படகுத்துறையில் போய் உட்கார்ந்தால், எதிரே கொச்சித் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை மதியம் வரை பார்த்துக்கொண்டிருப்பார். நேற்றைவிட இன்று எந்தக் கப்பல் எத்தனை அடி அமிழ்ந்திருக்கிறது, எது எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மதியம் சோறு, பிறகு தூக்கம். சாயங்காலம் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சாயாக்கடை பெஞ்சு. இப்படியாகப் பதினைந்து வருஷம் போயிருந்தது.

அக்கா புருஷன் முகமது இஸ்மாயில் ராவுத்தருக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறெரியும். அவர் சுக்கு வியாபாரி. தன் குடோனில் ஈ உட்கார்ந்தாலும் ஏதாவது வேலை கொடுக்கக்கூடிய மனிதர். கடற்கரை நெடுக அலைத்தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சுக்கு விலை விழுந்துகொண்டிருந்தபோது, கல்லுக்கு விலை விழாது என்று யாரோ சொன்னதை நம்பி, புத்தன்குரிசு தாண்டி ஒரு பாறைமலையைக் குத்தகைக்கு எடுத்தார். முன்பு எடுத்திருந்தவன் அவசரக்காரன். மலையின் ஒரு பக்கத்தை எண்பது அடி உயரத்துக்குச் சுவர் மாதிரி நேராக வெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். இஸ்மாயிலும் அதே சுவரின் அடியிலிருந்து கல்லெடுத்தார்.

1979 ஜனவரியில் ஆய்வுக்கு வந்த சுரங்கத்துறை அதிகாரி மேலே ஏறிப் பார்த்துவிட்டு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். வெட்டிய சுவரின் விளிம்புக்குப் பின்னால் நீளமாக ஒரு விரிசல் இருக்கிறது. பொறுப்புள்ள ஒரு நபரை நியமித்து அதைத் தினமும் கண்காணிக்க வேண்டும்.

இஸ்மாயில் அதை வீட்டில் சத்தமாகப் படித்தார். "பாறையப் பாத்துக்கிட்டிருக்க ஒருத்தன் வேணுமாம். இதுக்குன்னு ஒரு ஆளுக்கு நான் சம்பளம் குடுக்கணுமாம்."

ரஷீது நான்காவது அரிசிப் பத்திரியைக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தார். சுல்ஃபத் தம்பியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"உக்காந்து பாக்குற வேலைதானே. அவனுக்கு அது நல்லா வரும்" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரஷீதைத் தோப்பும்படியில் கல் இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மலைமேல் அதிகாரி காத்திருந்தார். பெயர் வெங்கிடேஸ்வரன். பாலக்காட்டுக்காரர். ரஷீதைவிட ஏழெட்டு வயது சின்னவர், எடையில் பாதி. ரஷீது மேலே வந்து சேர்ந்ததும் முதல் காரியமாக ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நீங்களா பொறுப்புள்ள நபர்?"

"நோட்டீசுல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

வெங்கிடேஸ்வரன் விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இரும்பு முளைகளை அடித்து வைத்திருந்தார். தினமும் காலையில் இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து எழுத வேண்டும். விரிசல் ஒரு கை நுழையும் அகலம் இருந்தது. குடையின் நுனியை அதில் விட்டு அவர் சொன்னார்:

"எவ்வளவு அகலம்ங்கறது முக்கியமில்லை, கேட்டேளா. எவ்வளவு வேகமா அகலறதுங்கறதாக்கும் விஷயம். வாரத்துக்கு ஒரு மில்லி நகர்ந்தா பரவாயில்லை. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு, மறுநாள் நாலுன்னு போனா, அப்புறம் எழுதிண்டு நிக்கப்படாது. கீழே இருக்கறவாளை எல்லாம் கூட்டிண்டு ஓடணும்."

"ஓடணுமா?" என்று கேட்டார் ரஷீது. அவருக்கு அதுதான் கவலையாக இருந்தது.

முதல் வாரம் அவர் ஒழுங்காக அளந்தார். அதில் ஒரு தொந்தரவு இருந்தது. முளைக்கு நேரே குனிய வேண்டும். ரஷீதால் குனிந்துவிட முடியும். நிமிர்வதற்குத்தான் நேரமாகும். இரண்டாவது வாரம் வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து, விரிசலுக்குப் பின்னால் கெட்டியான தரையில், ஒரு கசுமாவு, அதாவது முந்திரி மரத்தடியில் போட்டுக்கொண்டார். படுத்தபடி விரிசலைப் பார்த்தார். படுத்தபடியே அதை அளக்க என்ன வழி என்று மூன்று நாள் யோசித்தார். யோசிக்க அவருக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது.

வழி கிடைத்தது. விரிசலுக்கு அப்பால், விளிம்புப் பக்கம் இருந்த முளையில் ஒரு கயிற்றைக் கட்டினார். அதை இந்தப் பக்கம் இழுத்து, கட்டிலின் தலைமாட்டில் நட்ட கம்பத்தின் மீது போட்டு, நுனியில் குடோனிலிருந்து எடுத்துவந்த ஐந்து கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டார். விரிசல் அகன்றால் அப்பால் இருக்கும் பாறை கயிற்றை இழுக்கும், எடைக்கல் மேலே ஏறும். பின்னால் ஒரு பலகை வைத்து, கல் நிற்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். கல் ஒரு விரற்கடை ஏறினால் முட்டித் தள்ளும்படி மேலே ஒரு பால்பவுடர் டப்பாவில் கூழாங்கல் போட்டு வைத்தார். டப்பா விழுந்தால் தூக்கம் கலையும். அதுவரை தூங்கலாம்.

சுவருக்குக் கீழே கல்லெடுக்கும் குழியில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். எல்லோரும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். மேஸ்திரி ஒச்சப்பன் அவர்களை மொத்தமாக அழைத்துவந்திருந்தார். லோடுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. மத்தியானத்துக்கு மேல் அந்த எண்பது அடிச் சுவரின் நிழல் குழிக்குள் விழும். அந்த நிழலில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஏப்ரலில் ஒரு நாள் கோடை மழை பிடித்தது. பத்து நிமிஷத்தில் டப்பா தடதடவென்று விழுந்தது. ரஷீது எழுந்து பார்த்தார். எடைக்கல் இரண்டு விரற்கடை ஏறி நின்றது. விளிம்புப் பக்கம் போய்க் கீழே பார்த்துக் கத்தினார். நாற்பது பேரும் சட்டியையும் சம்மட்டியையும் போட்டுவிட்டு ஓடினார்கள். மூன்று மணி வரை எதிர்ப்பக்கம் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். பாறை அசையவில்லை. மழை விட்டு வெயில் வந்தது. எடைக்கல் மெல்ல இறங்கிப் பழைய கோட்டிலேயே வந்து நின்றது.

ஒச்சப்பன் மேலே வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன பாய்?"

"நூல் கயிறு. அக்கா துணி காயப்போடுறது."

"நூல் கயிறு நனைஞ்சா விறைச்சுச் சுருங்கும். எங்க ஊருல வண்டி மாடு கட்டுறவனுக்கே தெரியும்." ஒச்சப்பன் கயிற்றை விட்டுவிட்டு இறங்கினார். கீழே போய் எல்லோரிடமும் பேசினார். மறுநாளிலிருந்து ரஷீதுக்குக் 'கயிறு பாய்' என்று பெயர்.

செய்தி மட்டாஞ்சேரிக்கும் வந்தது. "அளியா, ஈரக் கயித்துக்குப் பயந்து நாப்பது பேரு வேலைய நிறுத்துன கதைய பஜாருல சொல்லிடாத" என்றார் இஸ்மாயில், மச்சினனிடம். "சுக்கு வாங்க வர்றவன் என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பான்."

ரஷீது அன்று இரவு சாப்பாட்டில் ஒரு பத்திரி குறைத்துக்கொண்டார். சுல்ஃபத் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவருக்குக் கோபம் வந்திருந்தது. அது யார் மீது என்று அவருக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமல், தானாகவே தோப்பும்படிக்கு நடந்துபோனார். மீன்பிடிப் படகு ரிப்பேர் செய்யும் பட்டறையில் மெல்லிய எஃகுக் கம்பி ஒரு சுருளும், சின்னக் கப்பி ஒன்றும் வாங்கிவந்தார். கம்பி மழைக்குச் சுருங்கவில்லை. ஆனால் வெயிலில் நீண்டது. நண்பகலில் கல் கொஞ்சம் தொங்கும், சாயங்காலம் ஏறிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நாள் ஆயிற்று. அதன் பிறகு, வெயில் ஏறாத காலை ஏழு மணிக்கு மட்டும் கோடு போட்டார்.

வாரத்துக்கு ஒரு மில்லி. சில வாரம் அதுவும் இல்லை. கப்பலைவிட மெதுவாக நகரும் ஒன்றை ரஷீது அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. விடுமுறை நாளில் படகுத்துறையில் உட்கார்ந்திருக்கும்போது கப்பல்கள் கண்டபடி பறப்பதாகத் தோன்றியது.

மே கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மேலே விழுந்த தண்ணீரெல்லாம் ஓடிவந்து விரிசலுக்குள் இறங்குவதை ரஷீது கட்டிலில் குடை பிடித்தபடி பார்த்தார். இறங்கிய தண்ணீர் எங்கேயாவது வெளியே வர வேண்டுமே என்று கீழே எட்டிப் பார்த்தார். சுவரில் ஒரு பொட்டுக் கசிவு இல்லை. அத்தனை தண்ணீரும் உள்ளேதான் நின்றது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு மில்லி. செவ்வாய் நான்கு. புதன்கிழமை ஏழு மணிக்குப் பார்த்தபோது ஒன்பது.

ரஷீது சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையில் இருந்த கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டுப் பாதையில் கீழே இறங்கினார்.

"ஒச்சப்பன், எல்லாத்தையும் வெளிய கூட்டிட்டுப் போ. பாற நகருது."

ஒச்சப்பன் கம்ப்ரசர் பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "ஏன் பாய், இப்ப கம்பியும் நனைஞ்சிருச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரஷீது மறுபடி மேலே ஏறினார். ஏறி முடித்தபோது கல் இன்னும் மூன்று மில்லி ஏறியிருந்தது. ஒரு நாளைக்கு உண்டானது ஒரு மணி நேரத்தில். அவர் உட்காரவில்லை. அப்படியே திரும்பி இறங்கினார்.

"மூணு மில்லி ஒச்சப்பா. ஒரு மணி நேரத்துல."

"மூணு மில்லிங்கிறது எம்புட்டு, இந்தா இம்புட்டா?" ஒச்சப்பன் விரல் நகத்தைக் காட்டினார். "பாய், அடுத்த மழைக்கு முன்னாடி ஏழு லோடு அனுப்பணும். நான் நிறுத்துனா இதுகளுக்கு இன்னைக்குக் கூலி கிடையாது. ராவுத்தர் வந்து நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்துறேன்."

அதில் நியாயம் இருந்தது. ரஷீது மூன்றாம் தடவை மேலே ஏறினார். பாதி வழியில் ஒரு செருப்பு அறுந்தது. மற்றதையும் உதறிவிட்டார். மேலே டப்பா விழுந்து கிடந்தது. விரிசலின் ஓரத்தில் புல் வேரோடு பிய்ந்து தொங்கியது. கல் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாழ்க்கையில் அதற்கு முன் அவர் எப்போது ஓடினார் என்று யாருக்கும் நினைவில்லை. குழிக்குள் வந்ததும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மேலே கையைக் காட்டினார்.

ஜல்லி உடைக்கும் பெண்களில் மாயம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மேஸ்திரியும் அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். அவள் காலையிலிருந்து சுத்தியல் போட்டபடியே ரஷீதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சுத்தியலைச் சட்டியில் போட்டு, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏ, எந்திரிங்கடி. போவோம்."

"எங்க போற மாயம்மா?" என்றார் ஒச்சப்பன்.

"மேஸ்திரி, இந்த நூலு, கம்பியெல்லாம் எனக்குத் தெரியாது. அஞ்சு மாசமா இந்தாளப் பாக்குறேன். காலைல ஒருக்கா ஏறுவாரு, சாயங்காலம் ஒருக்கா எறங்குவாரு. தண்ணி தவிச்சாக்கூட மேல இருந்து கூப்புட்டுத்தான் கேப்பாரு. இன்னைக்கு மூணு தடவ எறங்கியிருக்காரு. கடைசித் தடவ வெறுங்காலோட ஓடியாந்தாரு. இந்தாளே ஓடுறாருன்னா, மலை நகராம என்ன செய்யும்?"

பெண்கள் எழுந்தார்கள். அவள் சொன்னதில் இருந்த சாட்சியத்தை ஆண்களும் யோசித்துப் பார்த்தார்கள். அளவுகோலை அவர்கள் யாரும் நம்பவில்லை. ரஷீதின் சோம்பேறித்தனத்தை எல்லோரும் நம்பினார்கள். ஐந்து நிமிஷத்தில் குழி காலி. ரஷீதை இரண்டு பேர் தோளில் கைகொடுத்து இழுத்துப் போனார்கள். ஒச்சப்பன் மட்டும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். பிறகு அவர்களைத் திருப்பிக் கூட்டிவரப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார். போனவர் எதிர்ப்பக்க மேட்டில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு இஸ்மாயிலின் கார் வந்தது. ஏழு லோடில் ஒன்றுகூட ஏன் வரவில்லை என்று கேட்க அவரே கிளம்பி வந்திருந்தார். குழியில் ஆளில்லை. நாற்பது பேர் மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெறுங்காலோடு தன் மச்சினன்.

"திரும்பவும் கயிறா?"

"மச்சான், இது கம்பி. பாற வருது. நான் சொல்றதக் கேளுங்க."

"பாற வருதாம். பஸ்ஸா அது, வர்றதுக்கு?" இஸ்மாயில் சுற்றிலும் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்தது. "எல்லாத்துக்கும் பயம். சரி, நானே போயி அதுக்கு அடியில நிக்கிறேன். ஒரு சுக்கு வியாபாரி நிக்கிறதப் பாத்தாவது ரோசம் வருதான்னு பாக்குறேன்."

சொன்னதோடு நில்லாமல் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று சரிவில் இறங்கினார். அவர் குழியின் வாயை எட்டுவதற்குள் ரஷீது பின்னால் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பதினைந்து வருஷத்தில் அக்கா புருஷனை அவர் தொட்டது பெருநாளைக்குக் கட்டித் தழுவும்போது மட்டும்தான்.

"விடுடா. கைய எடுடா."

ரஷீதுக்கு அவரை இழுத்துப் போகத் தெம்பில்லை. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். உட்கார்ந்தார். தொண்ணூறு கிலோவும் உட்கார்ந்ததில் இஸ்மாயிலும் கூடவே விழுந்தார். விழுந்தவர் எழப் பார்த்தார். ரஷீது அவர் முதுகின் மீது ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், மன்னிச்சிருங்க. கொஞ்ச நேரம்" என்றார்.

இஸ்மாயில் ரஷீதின் அத்தாவை, அந்த அத்தாவின் அத்தாவை, கடைசியில் சுல்ஃபத்தைப் பெண் பார்க்கப் போன நாளை எல்லாம் வரிசையாகத் திட்டினார். மேட்டில் இருந்தவர்கள் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று பின்னால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒச்சப்பன் அரை மணி என்றார். இஸ்மாயிலுக்கு அது ஒரு வருஷம்.

முதலில் சுவரிலிருந்து சரளைக்கல் பொலபொலவென்று உதிர்ந்தது. நின்றது. திரும்ப உதிர்ந்தது. பிறகு உள்ளுக்குள் எங்கோ ஏதோ முறிந்த சத்தம். சுவரின் அடிப்பகுதி முன்னால் வழுக்கியது. மேல்பகுதி ஒரு கணம் ஒன்றும் நடக்காததுபோல நின்றுவிட்டு, அப்படியே உட்கார்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. தரை ரஷீதுக்கு அடியில், இஸ்மாயிலுக்கும் அடியில், தூக்கிப் போட்டது. தூசி எழும்பி மேட்டையே மறைத்தது.

தூசி அடங்கியபோது கம்ப்ரசர் இல்லை. அரை லோடு ஏற்றி நின்ற லாரி இல்லை. மத்தியானம் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் வீட்டளவு பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பெண் அழத் தொடங்கினாள். ஒச்சப்பன் எல்லோரையும் பெயர் சொல்லி எண்ணினார். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். அதன் பிறகு அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

"அளியா, எந்திரி" என்றது இஸ்மாயிலின் குரல். "மூச்சு முட்டுது."

இஸ்மாயில் எழுந்து நின்று பார்த்தார். குழியின் வாயருகே, அவர்கள் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு பாறை வந்து நின்றிருந்தது. சட்டையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"கம்ப்ரசரு வாடகைக்கு எடுத்தது" என்றார் மெதுவாக. "அதையும் நகத்தியிருக்கலாம்."

"அதுக்குப் புள்ளகுட்டி இல்ல ராவுத்தரே" என்றாள் மாயம்மாள்.

இஸ்மாயில் தலையாட்டினார். பிறகு காரிலிருந்து தண்ணீர்க் கூஜாவை எடுத்துவந்து, தான் குடிக்காமல் ரஷீதிடம் நீட்டினார். ரஷீது அதை முழுக்கக் குடித்துவிட்டார்.

வெங்கிடேஸ்வரன் மறுநாளே வந்தார். கம்பி அறுந்துபோயிருந்தது. எடைக்கல்லைக் காணவில்லை. பலகை மட்டும் கசுமாவு மரத்தடியில் சாய்ந்து கிடந்தது. அதிலிருந்த கோடுகளை அவர் ஒன்றுவிடாமல் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ஒன்பது மணிக்கு அப்புறம் அளவே இல்லையே. ஏன்?"

"ஒன்பது மணிக்கு நான் ஓடிக்கிட்டிருந்தேன் சார்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். இனிமேல் நேராக வெட்டக் கூடாது, படிப்படியாகத்தான் வெட்ட வேண்டும், மேலே விழும் மழைத்தண்ணீர் விரிசலுக்குப் போகாமல் வாய்க்கால் வெட்டித் திருப்ப வேண்டும் என்று இரண்டு பக்க உத்தரவு கொடுத்தார். இஸ்மாயில் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனால் சொன்னபடி செய்தார்.

ரஷீதுக்கு ஒரு மாதம் மத்தியானத் தூக்கம் போயிற்று. குடோனில் சுக்கு மூட்டை தொப்பென்று விழுந்தால்கூடத் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். சுல்ஃபத் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அதற்கும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவர் தானாகவே ஐந்தரைக்கு எழுந்து, லாரிக்குப் போக வேண்டும் என்றார். மலைமேல் போட்ட கட்டிலில் படுத்தால்தான் தூக்கம் வரும்போல என்றார். அது சரியாகவே இருந்தது.

புதுக் குழியில் நான்கு கம்பிகள், நான்கு எடைக்கல். ஆனால் அவற்றை யாரும் பார்க்கவில்லை. காலையில் இறங்கும் முன் எல்லோரும் மேலே ரஷீதை ஒருமுறை பார்ப்பார்கள். படுத்திருந்தால் நிம்மதியாக இறங்குவார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள், அவருடைய லுங்கிக்குள் கட்டெறும்பு புகுந்துவிட்டது. கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து லுங்கியை உதறினார். மூன்று நிமிஷத்தில் குழியில் ஒரு ஆள் இல்லை. வெடிவைக்கத் தயாராக இருந்தவன் மருந்தைப் போட்டுவிட்டு ஓடினான். ஒரு லாரி சும்மா உறுமிக்கொண்டு நின்றது.

ஒச்சப்பன் மூச்சிரைக்க மேலே ஏறிவந்தார்.

"பாய், கையெடுத்துக் கும்புடுறேன். நீங்க எதுக்காச்சும் எந்திரிக்கணும்னா, மொதல்ல ஆள விட்டுச் சொல்லி அனுப்புங்க. நாங்க பாத்துக்கிர்றோம்."

ரஷீது எறும்பைத் தேடிக்கொண்டே, சரி என்றார். ஆனால் ஒன்றுக்குப் போவதற்கும் சொல்லி அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். ஒச்சப்பன் கீழே காலியாகக் கிடந்த குழியைப் பார்த்தார். அதற்கு மட்டும் மெதுவாக எழுந்துபோனால் போதும் என்றார்.